ஓடைக்கரை மரங்கள் நீங்கலாக

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

இதை நானேதான் எழுதுகிறேன். இரண்டு நாளாக எழுதுகிறேன், சிரிக்காதே.

ஓடைக்கரை மரத்தில் கோடாலி வைத்தால் இந்த வீட்டில் உலை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு நீ எடப்பாடிக்கு மகள் வீட்டுக்குப் போனாய். மறுவாரமே மலை எஸ்டேட்டில் வேலை தொடங்கியது. முதல் வெட்டுக்கு முன் சூடம் கொளுத்துவோம் அல்லவா? கான்ட்ராக்டர் அனுமதித் தாளைப் படித்தார். "நூறு மரம் வெட்டலாம்னு போட்டிருக்குது" என்று நிறுத்திவிட்டு, சூடம் பற்றவைக்கக் கை வேண்டுமென்று தாளை என்னிடம் நீட்டினார்.

நான் இப்போது பிஸ்கட் உறையைக்கூடப் படிக்காமல் விடுவதில்லை. விரல் வைத்துப் படித்தேன்.

"ஏனுங்க, கீழே இன்னொரு வரி இருக்குதுங்களே?"

"மேஸ்திரி எப்பருந்துங்க படிக்கிறீங்க?"

"ஆடி மாசத்துலருந்துங்க, ராத்திரிப் பள்ளிக்கூடத்துல."

ஆட்கள் சிரித்தார்கள். உரக்கப் படித்தேன்: ஓடைக்கரை மரங்கள் நீங்கலாக. சிரிப்பு நின்றுவிட்டது. வெட்டுவதற்கென்று சிவப்பு பெயிண்ட் அடித்த மரங்களில் பாதி ஓடைக்கரையில்தான் நின்றன. யாரும் கோடாலி எடுக்கவில்லை. மறுநாள் தகவல் தெரிந்து வனக்காவலர் வந்து அந்தப் பெயிண்டைச் சுரண்டவைத்தார்.

மரம் எந்தப் பக்கம் சாயும் என்று மட்டுமே இதுவரை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அன்று ஒரு கிளையில் மலை அணிலின் கூடு தெரிந்தது. அது எத்தனை குட்டி போடும்? கோடையில் எங்கே தண்ணீர் குடிக்கும்?

நாற்பது வருடத்தில் இப்படி எத்தனை கடைசி வரிகளை வெட்டித் தள்ளினேனோ.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். உன்னைக் கூட்டிவர என்று எழுதி அடித்துவிட்டேன். பேத்தியைப் பார்க்க என்று வைத்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்