கேப்டனின் கட்டைவிரல்

18 நவம்பர் 2025, செவ்வாய்

நேற்று மதுரையிலிருந்து சென்னைக்கு இறங்கும்போது இடிமேகத்துக்குள் மாட்டிக்கொண்டோம். விமானம் ஆடிய ஆட்டத்தில் கேப்டன் பூவராகவன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். அவர் கட்டைவிரல் ரேடியோவில் பேசும் பொத்தான் மேலேயே இருந்தது. ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் அந்த அலைவரிசையில் யாரும் பேச முடியாது. நமக்கும் எதுவும் கேட்காது. அவரோ, "சென்னை பதிலே தரமாட்டேங்குது" என்று கத்திக்கொண்டிருந்தார். ரேடியோ விளக்கு அணையாததைப் பார்த்துவிட்டேன். "சார், விரல்" என்றேன். அவர் காதில் விழவில்லை. அப்புறம் சும்மா இருந்தேன் — ஏன்? துணை விமானிதானே நான், அதனால்தான். நாற்பது விநாடி கழித்து அவர் கையைத் தட்டிவிட்டேன். உடனே சென்னை கட்டுப்பாட்டு அறை கன்ட்ரோலரின் குரல், இடப்பக்கம் திரும்பச் சொல்லி. எதிரே இன்னொரு விமானம். திரும்பினோம்.

20 நவம்பர்

'கட்டுப்பாட்டு அறை பதில் தரவில்லை' என்று கேப்டன் அறிக்கை எழுதியிருக்கிறார். என் கையெழுத்துக்கு வந்திருக்கிறது. அந்தக் கன்ட்ரோலர் பெயர் துளசிராமன். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அவர் முகத்தைப் பார்த்ததில்லை. எங்களைக் காப்பாற்றிய குரல் மட்டும் தெரியும்.

போடமாட்டேன்.

22 நவம்பர்

என்னைப் பறக்க வேண்டாம் என்றுவிட்டார்கள். "கேப்டன் ஆகுற நேரத்துல உனக்கு எதுக்கும்மா இது?" என்றார் மேலாளர். கும்மிடிப்பூண்டியில் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பாவும் அதே பாட்டு. "போட்டுட்டு போய்க்கினே இரு ஜெபா. பெரிய எடத்துல பேஜாரு வாணாம்."

என் வாய் சும்மா இருக்குமா? "சாம்சன் மாமாவுக்கு விரல் போனப்ப நீ போட்ட மாதிரியா?" என்று கேட்டுவிட்டேன். அப்பாவும் சாம்சன் மாமாவும் வேலை பார்த்த இரும்பு மில்லில் மெஷினுக்குத் தடுப்பே கிடையாது. 'சாம்சனின் கவனக்குறைவு' என்று எழுதிய காகிதத்தில் அப்பாவின் சாட்சிக் கையெழுத்து. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் பொய்யா சொன்னேன்?

25 நவம்பர்

நானே தனியாக அறிக்கை எழுதி அனுப்பினேன். நாற்பது விநாடி வாயை மூடிக்கொண்டிருந்த என் தப்பையும் எழுதினேன். பொத்தான் அழுத்திய நேரம் கறுப்புப் பெட்டியில் இருக்கும், எடுத்துப் பாருங்கள் என்றும் எழுதினேன். கூடப் படித்த ஒருத்தன் போன் பண்ணி, பிழைக்கத் தெரியாதவள் என்கிறான். போடா.

3 டிசம்பர்

பதில் இல்லை. மழை விடவில்லை. அப்பா என்னோடு பேசுவதில்லை.

19 டிசம்பர்

விசாரணை முடிந்தது. பொத்தான் எண்பத்தொரு விநாடி அழுத்தியபடி இருந்திருக்கிறது. துளசிராமன் வேலைக்குத் திரும்பிவிட்டார். பூவராகவன் மறுபடி பயிற்சிக்குப் போகிறார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். கேப்டன் ஆவது ஒரு வருஷம் தள்ளிப்போகிறது. ஆனால் கடிதத்தில் இருப்பது உண்மை. கையெழுத்துப் போட்டேன்.

11 ஜனவரி 2026, ஞாயிறு

நேற்று மறுபடி பறந்தேன். கிளம்புமுன் கேப்டன் நர்மதா, "என் விரல் பொத்தான்ல மாட்டுச்சுன்னா தட்டிவிடு. பர்மிஷன் எல்லாம் கேக்காத" என்றார்.

இன்று கோயில் முடிந்து வந்தால் வீட்டில் அப்பா இல்லை. எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"சாம்சன் ஊட்டுக்கு. அன்னிக்கு சாட்சி போட்டது பொய்னு எழுதித் தரப்போறாராம். உன் பேனாவ எடுத்துகினு போயிருக்காரு."

ஒன்பது வருஷமாக அப்பா அந்தத் தெருப் பக்கமே போனதில்லை.