என் குரல் போன வழி

மார்ச் 3, திங்கள்

சாயங்காலம் மறுபடியும் அந்த நாற்றம். சாயக் கம்பெனிப் புகை காற்று மாறினால் எங்கள் சந்துக்குள்தான் இறங்கும். துவைத்துப் போட்ட வெள்ளை வேட்டியில் நீலப் பொட்டுகள். பம்பாய்க்கு, இந்தச் செம்பூருக்கு வந்த நாளிலிருந்து இதே கதை.

கம்பெனி இன்னும் ஒரு ஷெட் கட்டப்போகிறதாம். 20ஆம் தேதி பள்ளிக்கூட ஹாலில் ஜனங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறார்கள். சுன்வாயி என்கிறார்கள். ஆட்சேபம் இருந்தால் அங்கே சொன்னால்தான் உண்டு. நான் போவேன். சந்துப் பெண்கள் எல்லோரும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர், பேத்தி கீதாவின் தாத்தா, அங்கே பாய்லர் பக்கம் வேலை பார்த்தார்கள். வீட்டுத் தலையணையெல்லாம் நீலம். மூச்சு இழுத்து இழுத்துப் போன மனுஷனைக் குடித்துச் செத்தான் என்று கம்பெனி எழுதியது. சாட்சி சொன்னவள் அடுத்த வீட்டு அன்னமேரி. பச்சைச் சேலை, கையில் பிளாஸ்டிக் கூடை, "ஆமா சார், குடிப்பாரு" என்றாள். பக்கத்தில்தான் நின்றேன். ஒன்பது வருஷமாக அவளோடு பேச்சு இல்லை. நடுவில் ஒரு தகரச் சுவர். அவள் இருமினால்கூடக் கேட்கும்.

அந்த ஹாலில் இதைத்தான் சொல்லப்போகிறேன். அவர்கள் குடிக்கவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

ஜெயினுலாப்தீன் கடைக்கு வெல்லம் வாங்கப் போனேன். சிரிக்கிறான்.

"நேர்ல நாயா விழுதிய, போன்ல மட்டும் என்ன மரியாதை ஆச்சி? எம் மவ பிரசவத்தையெல்லாம் விசாரிச்சிய."

"எப்ப?"

"நேத்துதான. சுன்வாயிக்குப் போவாதப்பா, பயலுவ கல்லெறிவானுவ, கம்பெனி இப்ப மாறிட்டுன்னு சொன்னியளே."

நேற்று நான் போனைத் தொடவே இல்லை. இவனுக்கு வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவன் என்னைவிடச் சின்னவன்.

மார்ச் 7, வெள்ளி

குழாயடியில் இசக்கிசெல்வியும் அதையே சொன்னாள். "நீங்கதானக்கா வராண்டாம்னிய. இப்ப வான்னா எப்படி?"

மார்ச் 8, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். பிறகு நானே நம்ப மாட்டேன்.

மத்தியானம் உளுந்து களைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தேன்.

"நல்லாருக்கியளா? நான் கோமதியம்மாள் பேசுதேன், செம்பூர்லேருந்து."

என் குரல். பேச்சுக்கு முன்னால் தொண்டையைச் செருமுவேனே, அந்தச் செருமலும் இருந்தது.

"ஏட்டி, யாரு நீ?" என்றேன்.

"நாந்தாம்மா கோமதி. உங்க சந்துலதான் இருக்கேன். நீங்க கவலைப்படாதிய."

"கோமதி நான்ல்லா."

அது சிரித்தது. நான் சிரிக்கிற மாதிரியே, மூக்கால். "ரெண்டு பேரும் ஒரே பேரா? சந்தோஷம். பாருங்கம்மா, எம் புருஷனுக்குச் சோறு போட்டது இந்தக் கம்பெனிதான்..." என்று சொல்லி, அவர்கள் பேரைச் சொன்னது.

முழுப் பேரையும்.

கல்யாணமான நாளிலிருந்து என் நாக்கில் வராத பேர். கோயிலில் அர்ச்சனைக்குக்கூட ஐயர் காதில் வேறு யாராவது சொல்வார்கள். என் குரல் அதைக் கூசாமல் சொல்கிறது, ஏதோ காய்கறி பேர் சொல்கிற மாதிரி. போன் உளுந்துத் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்தேன். உள்ளே இன்னும் பேசிக்கொண்டிருந்தேன். நான் இல்லை, அது.

எனக்கு என்னமோ செத்துப்போனது அவர்கள் இல்லை, நான்தான் என்று தோன்றிவிட்டது. செத்தவள்தானே கூச்சமில்லாமல் பேர் சொல்ல முடியும்?

மார்ச் 9, ஞாயிறு

கீதாவிடம் கேட்டேன். மகள் வயிற்றுப் பேத்தி. மகள் நெருளில் இருக்கிறாள், இவள் ஆபீஸுக்குக் கிட்ட என்று என்னோடு. பி.ஆர். வேலை. ஒரு கம்பெனிக்குக் கெட்ட பேர் வந்தால் அதைத் துடைத்து நல்ல பேராக்கித் தருகிற வேலை என்று நான் புரிந்துவைத்திருக்கிறேன்.

கேட்டதும் தலையைக் குனிந்தாள். அப்போதே தெரிந்தது.

போன மாசம் இரண்டு ஞாயிறு, "பழைய பம்பாய் கதை சொல்லு ஆச்சி" என்று போனை முன்னால் வைத்தாளே, அதுதான். மெஷின் என் குரலைக் கற்றுக்கொண்டதாம். யார் எது கேட்டாலும் அதுவே பதில் சொல்லுமாம். கடைசியில் திரையில் ஒரு இடத்தைக் காட்டி விரலை வை என்றாள், வைத்தேன். அது சம்மதமாம்.

"சாயக் கம்பெனிக்குன்னு எனக்கு மொதல்ல தெரியாது ஆச்சி. தமிழ் வாய்ஸ் வேணும்னாங்க. சச்சி, நிஜமா."

"தெரிஞ்ச பெறவு?"

ஆபீஸிலேயே இதில் சண்டை என்றாள். மெஷின் பேசுகிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கூட்டம். சொன்னால் எவன் கேட்பான், போனை வைத்துவிடுவான் என்று இன்னொரு கூட்டம். "எல்லா ஏஜென்சியும் இப்ப இதான் பண்ணுது. நாம பண்ணலைன்னா அடுத்தவன் பண்ணுவான்."

"நீ எந்தக் கூட்டம்?"

"மொதக் கூட்டம்தான். ஆனா மீட்டிங்ல வாயத் தொறக்கல."

அவர்கள் பேர் அதற்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். ஃபார்மில் கணவர் பேர் என்ற இடத்தில் இவள்தான் போட்டாளாம். பம்பாயில் பிறந்த பிள்ளை. பேர் சொல்லக் கூடாது என்பதே இவளுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை, சொல்லித்தரவேண்டிய விஷயம் என்று யார் நினைத்தார்கள்.

மார்ச் 12, புதன்

கீதாவின் மேனேஜர் வந்தான். அஷ்வத், மாட்டுங்கா பையன். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான், நல்ல வளர்ப்பு. ஸ்வீட் பாக்கெட் கொடுத்தான்.

"பாட்டி, நீங்க கோச்சுக்கப்படாது. நாங்க பொய் சொல்லலை. உங்க குரல்ல ஒரு நம்பிக்கை இருக்கு. கம்பெனி எத்தனை விளம்பரம் குடுத்தாலும் அது வராது."

"நிறுத்தச் சொல்லு தம்பி."

"கன்சென்ட் குடுத்திருக்கேளே. இருபது வரைக்கும்தான். அப்பறம் எடுத்துடறோம்."

"எடுத்து எங்க போடுவிய?"

அதற்குச் சிரித்தான். போகும்போது கேட்டானே ஒரு கேள்வி: "ஒரே ஒரு நிமிஷம் அழுது பேசித் தர முடியுமா பாட்டி? அழற மாதிரி மட்டும் இன்னும் சரியா வரலை."

ஸ்வீட்டை அவன் பின்னாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்னமேரி முகத்தைப் போல இவன் முகத்தையும் மனசில் எழுதி வைத்தாயிற்று.

மார்ச் 13, வியாழன்

இன்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. பேசினால் அதற்கு இன்னும் கொஞ்சம் கொடுத்துவிடுவேனோ என்று பயம்.

மார்ச் 16, ஞாயிறு

கதவைத் திறந்தால் படியில் ஒரு கிண்ணம். சாளைக் குழம்பு. குனிந்து கிண்ணத்தைப் பார்த்தேன். அது என் கிண்ணம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அன்னமேரி வீட்டுக்குப் போனது, சண்டையில் அங்கேயே நின்றுவிட்டது. அடியில் வெட்டிய எழுத்து அவர்கள் பேர்.

அவள் தன் வாசலில் நின்றாள். கண் கலங்கியிருந்தது. "நல்லா சாப்பிடுங்கக்கா" என்றாள், ஏதோ நேற்றுதான் பேசி விட்டுப்போன மாதிரி.

அப்போது புரிந்தது. அது அவளுக்கும் போன் போட்டிருக்கிறது. பழசை மறந்துவிடுவோம் என்று சொல்லியிருக்கும். என்னைக் கேட்காமல், என் வாயால், அவளை மன்னித்துவிட்டது.

குரல் போனது போகட்டும். என் கோபம் என்னுடையதுதானே? அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்களே பாவிகள். அந்தக் கோபத்தைத் தவிர அவர்களுக்காக நான் வேறு என்ன வைத்திருக்கிறேன்?

கதவைச் சாத்திவிட்டேன். குழம்பைக் கொட்டவில்லை. மீன் என்ன பாவம் செய்தது.

மார்ச் 20, வியாழன்

ஹாலில் பாதி நாற்காலி காலி. எங்கள் சந்திலிருந்து வந்தவர்களை ஒரு பெஞ்சில் அடக்கிவிடலாம். மேடையில் மராட்டிக்கார அதிகாரி அம்மா. அஷ்வத் ஓரமாக. கீதா லேப்டாப் முன்னால், என்னைப் பார்க்கவில்லை.

கம்பெனிக்காரன் பேசி முடித்ததும் ஜனங்களின் குரல் என்று போட்டார்கள். விளக்கை அணைத்தார்கள். இருட்டில் சுவர்நிறைய நான் பேசினேன். நாற்றமே இல்லையாம். என் புருஷன் கடைசிவரை சந்தோஷமாக இருந்தாராம். பேரும் வந்தது.

எழுந்து நின்றேன். "அது நான் இல்ல" என்றேன்.

ஹாலே திரும்பியது. யாரோ சிரித்தார்கள். ஒருத்தன் என் பேச்சை இந்தியில் அதிகாரிக்குச் சொன்னான். அந்த அம்மா மராட்டிப் பேச்சில் பாட்டி என்று கூப்பிட்டு, "ஆஜி, குரல் அதேதானே" என்றாள். இல்லை இல்லை என்று நான் எவ்வளவு சொல்கிறேனோ, அவ்வளவுக்கு அது நானாகிறது. இல்லை என்று சொல்வதும் அதே குரல்தானே. ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் — இருட்டில் முதலில் பேசியது யார்?

பின்னால் நாற்காலி நகரும் சத்தம். அன்னமேரி.

அவள் இந்தி எப்போதும் உடைந்த இந்திதான். "மேடம், இவகிட்ட புருஷன் பேர் கேளுங்க" என்றாள்.

அதிகாரி கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். திரும்பக் கேட்டாள். நின்றேன்.

"பாத்தியளா? வெட்டிப் போட்டாலும் சொல்ல மாட்டா. ரேஷன் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைங்க பள்ளிக்கூடம், முந்தியெல்லாம் எங்க போனாலும் இவ புருஷன் பேரச் சொல்ல என்னையத்தான் கூட்டிட்டுப் போவா. அந்தப் பொட்டி பட்டுன்னு சொல்லுது. எங்க ஊர்ப் பொம்பளை எவ அப்படிச் சொல்லுவா?"

ஹாலில் இருந்த எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக ஆமாம் என்றார்கள். எனக்கும் போன் வந்தது, எனக்கும் வந்தது என்று சத்தம். அன்னமேரி உட்காரவில்லை.

"இன்னொண்ணும் எழுதிக்கிடுங்க. அவர் குடிக்கல. குடிச்சார்னு அன்னிக்கு என்னைச் சொல்லச் சொன்னாவ. எம் மவன் சேசுராஜ் அங்க வேலைல இருந்தான். சொன்னேன்." பிறகு அவர்கள் பேரைச் சொன்னாள், பழையபடி, எனக்குப் பதிலாக. நான் இங்கே எழுத மாட்டேன்.

கீதா லேப்டாப்பை மூடினாள். அவளை யாரும் மூடச் சொல்லவில்லை.

மார்ச் 21, வெள்ளி

கூட்டம் செல்லாது, மறுபடி வைப்பார்கள் என்கிறார்கள். கீதா வேலையை விட்டுவிட்டாள். நம்பரையும் நிறுத்தியாயிற்றாம்.

"உள்ள இருக்கற குரலு?"

"எத்தனை காப்பி இருக்குன்னு எனக்கே தெரியாது ஆச்சி."

அன்னமேரியிடம் நான் பேசவில்லை. ஹாலில் சொன்னது சொன்னதுதான். அன்றைக்குச் சொன்னதும் சொன்னதுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

விளக்கு வைக்கிற நேரம். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் அன்னமேரி பேசுகிறாள். "முட்டிவலிதான், வேற ஒண்ணுமில்லக்கா." பதில் சொன்ன குரல் என் குரல். "தைலம் தேச்சியாட்டி?" என்று கேட்கிறது. நான் அவளிடம் கேட்டே இராத கேள்வி.

வாயைத் தொட்டுப் பார்த்தேன். மூடியிருந்தது.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் வாசலில் நின்றேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் போன்.

"நிறுத்திட்டோம்னாவளே. அதுவா கூப்பிடுதா?"

"நாந்தான் கூப்பிடுவேன். எடுக்குது." முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "மொத நாளே பேரச் சொன்னப்பவே தெரியும், நீங்க இல்லன்னு. தெரிஞ்சுதான் பேசினேன். நீங்க பேச மாட்டியளே."

போனிலிருந்து நான் கேட்டேன், "அன்னமேரி, இருக்கியாட்டி?"

வாசலில் நின்ற நான் சொன்னேன், "இருக்கா. நீ வை."

அது வைத்துவிட்டது.

கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினேன். வெறும் கிண்ணமாகக் கொடுக்கக் கூடாது என்று கொஞ்சம் சீனி போட்டிருந்தேன். மன்னித்தேன் என்று அர்த்தமில்லை. அடுத்த சுன்வாயியில் அவர்கள் பேரைக் கேட்பார்கள். சொல்ல ஆள் வேண்டும்.