யூட்டை உயர்த்திய யூலை

1976 யூலை 3, சனி

காலையில் இருந்து மழை. ஸ்பிரிங்வேல் முழுக்க ஒரே சாம்பல் நிறம். பூட்ஸைக் கழுவிக் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். காயவில்லை.

நேற்று எழுத மனம் வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை ரோவிலில் இருந்து அழைப்பு, மிஸிஸ் ஹார்ப்பரின் பால் பண்ணை. முதல் ஈற்றுப் பசு, கன்று வெளியே வரவில்லை. முன்னால் கார் மாதிரி, பின்னால் திறந்த பெட்டி வைத்த என் யூட்டில் சாமான்களை ஏற்றிக்கொண்டு உடனே வெளிக்கிட்டேன். ரோட்டு வாசல் படலையில் இருந்து மாட்டுக் கொட்டில் வரை அரை மைல் களிமண் பாதை. உழவு ரக்ரர் போய்ப் போய் இரண்டு பக்கமும் வாய்க்கால், நடுவில் வரம்பு. பாதி வழியில் யூட் அந்த வரம்பின்மேல் குந்திவிட்டது. பின் சில்லுகள் பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றின. மண்வெட்டியோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். அதுதான் நான் விட்ட பிழை. உடனே இறங்கி நடந்திருக்கவேண்டும்.

நடந்து போய்ச் சேர்ந்தபோது பசு களைத்துவிட்டது. கன்றின் தலை பின்னுக்குத் திரும்பியிருந்தது. கையை விட்டுத் திருப்பி எடுத்தேன். நாகு, பெண் கன்று. உடம்பு இன்னும் சூடு. உயிர் இல்லை.

தாய் பிழைத்தது. கன்றை நக்கிக்கொண்டே நின்றது.

மிஸிஸ் ஹார்ப்பர் ஒன்றும் சொல்லவில்லை. அறுபது வயது இருக்கும். கணவர் இல்லை. முப்பத்தாறு மாடுகளைத் தனியாகக் கறக்கிற மனுசி. ரக்ரரைக் கொண்டுவந்து என் யூட்டைப் படலை வரை இழுத்துவிட்டார். சங்கிலியைக் கழற்றும்போது மட்டும், "இது தார் ரோட்டு வண்டி, டொக்டர்."

5, திங்கள்

மழை இல்லை. குளிர். இங்கே யூலைதான் நடுக் குளிர்காலம்.

மிருக வைத்தியசாலையில் பொஸ் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோபமே இல்லை, அதுதான் இன்னும் நோகிறது. "குளிர்காலம் முடியும்வரை ரோவில் பக்கத்து மேட்டுப் பண்ணைகளை நான் பார்க்கிறேன். நீர் இங்கே இருந்து நாய் பூனையைப் பாரும்." அவரிடம் நாலு சில்லும் இழுக்கிற வண்டி இருக்கிறது. முதுகு நோவும் இருக்கிறது. ஒவ்வொரு முறை கதிரையால் எழும்பும்போதும் முனகல்.

ஊரில் பேராதனையில் மிருக வைத்தியம் படித்தது, இங்கே வந்து திரும்பவும் சோதனை எழுதியது, பதிவுக்குக் காத்திருந்தது, எல்லாம் மாட்டுக்காக.

இன்றைய வேலை: பூனை 2, நாய்க் காது 1, கிளிக்கு நகம் வெட்டல் 1. கிளி கடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மனைவி பவானிக்குச் சொன்னேன். தன் லாப் வேலையில் இருந்து களைத்து வந்திருந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, "வண்டியாலதானே பிரச்சினை? உங்கட கையால இல்லையே. அப்ப வண்டியைத் திருத்துங்கோ" என்றாள்.

7, புதன்

கிளென் வேவர்லியில் இருந்து எங்கள் சிநேகிதர் குணம் அண்ணை. டண்டினோங்கில் லொறி கட்டுகிற தொழிற்சாலையில் ஃபிற்றர், இயந்திரம் பூட்டுகிற வேலை. நேற்று ரெலிபோனில் சொன்னேன், இன்று வேலை முடிந்த கையோடு வந்துவிட்டார். தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை. ஈரப் புல்லில் சாக்கை விரித்து யூட்டுக்குக் கீழே போனார். சப்பாத்து இரண்டும் மட்டும் வெளியே. அங்கிருந்தே கதை.

"தம்பி, வரம்பில குந்தினது மேல் பொடி, இந்தத் தகரக் கூடு இல்லை, டிஃப். பின் அச்சுக்கு நடுவில இருக்கிற இந்த இரும்பு உருண்டை. மண் இப்பவும் ஒட்டிக் கிடக்கு."

"அப்ப பொடியை உயர்த்தினால் சரிதானே அண்ணை?"

"எங்க சரி? பொடி உயரும், டிஃப் உயராது. அது அச்சோட போற சாமான். அச்சு உயரவேணும் எண்டால் ரயரைப் பெருப்பிக்கவேணும். பெரிய ரயர் போட்டால் சில்லுக்கு மேல இருக்கிற மட்காட்டில முட்டும். முட்டாமல் இருக்கத்தான் பொடியை உயர்த்திறது. விளங்குதோ?"

விளங்கியது. மாட்டின் எலும்பு எல்லாம் பெயரோடு தெரியும். தினமும் ஓட்டுகிற வண்டியின் எலும்பு இன்றுதான்.

பவானி படியில் நின்று: "உயர்த்தி, பிறகு எங்கயும் பிரளாதோ அண்ணை?"

"ரெண்டு அங்குலம் தாங்கும் தங்கச்சி. ஆறு அங்குலம் கேட்டால் நான் வீட்டை போயிடுவன்."

எழுதித் தந்தது:
இரும்புக் கட்டை, 2 அங். உயரம், 2 (அண்ணை வெட்டித் தருவார்)
நீளமான யூ போல்ட் 4, நட்டோடு
சேறு கடிக்கிற பல்லு வைத்த ரயர் 4, இப்போது உள்ளதைவிட 2 அங். உயரம்
துருவுக்கு எண்ணெய். நிறைய.

9, வெள்ளி

பழைய வண்டிகள் உடைக்கிற யார்டில் ரயர் கிடைத்தது. பல்லு நல்லாக இருக்கிறது. வீட்டுக்குள் வைக்க ப. விடவில்லை. "மாட்டு மணம் போதும்."

10, சனி

வெயில்! எட்டு மணிக்கே தொடங்கியாயிற்று.

ஜக்கால் வண்டியைத் தூக்கி, தாங்கி வைத்து, சில்லைக் கழற்றி. பின்னால் வில்லு, அதாவது பட்டை ஸ்பிரிங், அச்சின்மேல் குந்தியிருக்கிறது, யூ போல்ட்டுகள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கின்றன. அவற்றைக் கழற்றி, வில்லுக்கும் அச்சுக்கும் நடுவில் கட்டையை வைத்து, நீளப் போல்ட்டால் இறுக்கவேண்டும். சொல்ல இவ்வளவுதான். எட்டு நட்டில் மூன்று அசையவே இல்லை. எண்ணெய் விட்டு, காத்திருந்து, திரும்ப எண்ணெய் விட்டு. கடைசி நட்டுக்கு அண்ணை ஸ்பனர் பிடியில் ஒரு குழாயைச் செருகினார். நான் தொங்கினேன். துவக்கு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஒருவரும் சாகவில்லைத்தானே?"

மத்தியானம் ப. புட்டும் முட்டைப் பொரியலும் வெளியே கொண்டுவந்தாள். கிறீஸ் கையோடு சாப்பிடமுடியாது என்று அண்ணைக்குக் கரண்டி கொடுத்தாள். அவர் கையைப் பெற்றோலில் கழுவிவிட்டு வந்து கையாலேயே சாப்பிட்டார்.

முன்பக்கத்தில் வில்லு இல்லை. நீளமான முறுக்குக் கம்பி. அதன் நட்டைத் திருகத் திருக வண்டி மூக்கைத் தூக்குகிறது. படுத்த மாடு எழும்புகிற மாதிரி மெல்ல மெல்ல. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

பின்னேரம் நாலு ரயரும் பூட்டியாயிற்று. உடனே ஓட்டிப் பார்க்க ஆசை. அண்ணை வண்டித் திறப்பை வாங்கித் தன் பொக்கற்றில் போட்டுவிட்டார்.

"இன்னும் பாக்கேல்லை. கீழ வாரும்."

கீழே படுத்துக் காட்டினார். பின் அச்சுக்குப் போகிற பிரேக் ஹோஸ், ரப்பர்க் குழாய். முன்பு வளைந்து தொங்கியது. இப்போது வீணைத் தந்தி மாதிரி விறைத்து நிற்கிறது.

"ஒரு பள்ளத்தில விழுந்து அச்சு கீழ இறங்கினால் இது அறும். பிறகு பிரேக் இல்லை. நீர் மாட்டைப் பாக்கப் போறதில்லை, மாடு உம்மைப் பாக்க வரும்."

சிரித்தோம். பிறகு அதை நினைத்துச் சிரிப்பு வரவில்லை. நீள ஹோஸ் கிடைக்கும்வரை யூட் முற்றத்தில்தான்.

13, செவ்வாய்

தூறல். அண்ணை தொழிற்சாலையில் விசாரித்து நீளமான ஹோஸ் கொண்டுவந்தார். பூட்டி, பிரேக் எண்ணெயில் சேர்ந்த காற்றை எடுத்து. பிரேக் மிதிக்க நான், "மிதி… பிடி… விடு" சொல்ல அவர். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் இடப்பக்க முன் ரயர் மட்காட் விளிம்பில் உரசுகிறது. விளிம்பைச் சுத்தியலால் மடித்துவிட்டார்.

முன் சில்லு இரண்டும் சாய்ந்து நிற்கிறதாம். நாளைக்குக் கராஜில் நேராக்கவேண்டும்.

15, வியாழன்

கராஜில் சில்லு நேராக்கியாயிற்று. ஹெட்லைட்டையும் இறக்கிவிட்டார்கள், இல்லாவிட்டால் மரத்துக்குத்தான் வெளிச்சம். கராஜ்காரர் கீழே எல்லாம் தட்டிப் பார்த்து, "யார் செய்தது? சுத்தமான வேலை." அண்ணைக்கு ரெலிபோனில் சொன்னேன். ஒருக்கால் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, "சரி, வைக்கிறன்."

ஓட்டம்: வளைவில் கொஞ்சம் சாய்கிறது, மெதுவாகப் போகவேண்டும். வேகம் பிடிக்கிற எடுப்பும் குறைவு. மீற்றர் மைலில், ரோட்டுப் பலகை கிலோமீற்றரில், இப்போது பெரிய ரயரால் மீற்றரே குறைத்துக் காட்டுகிறது. ப. கணக்குப் பார்த்து ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிட்டாள்: 60 என்றால் முள்ளு 35ஐத் தாண்டக்கூடாது.

17, சனி

பின்னேரம் குணம் அண்ணை வீட்டில் சாப்பாடு. ப. காஞ்சிபுரம் உடுத்து வந்து யூட்டுக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ. நான் இதில எப்பிடி ஏறுறது?"

இது ஒருவருக்கும் தோன்றவில்லை. குசினி முக்காலியைக் கொண்டுவந்தேன். ஏறி இருந்து, சேலையைச் சரிசெய்து, முகத்தை நீட்டிக்கொண்டு வந்தாள். ஸ்பிரிங்வேல் ரோட்டில் போகும்போது பார்க்கிறேன், முகம் மாறிவிட்டது.

"வேலிக்கு அங்கால எல்லாம் தெரியுது. அந்த வீட்டில எலுமிச்சை காய்ச்சுக் கொட்டுது, பாருங்கோ."

வழி முழுக்க ஒவ்வொரு வீட்டுக் கொல்லையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். சந்தோசமான நாள். நண்டுக் கறி. கூடச் சாப்பிட்டுவிட்டேன்.

21, புதன்

பொஸ்ஸுக்கு யூட்டைக் காட்டினேன். சுற்றி வந்தார், ரயரை உதைத்தார், குனிய முயன்று முதுகைப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

"அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இழுக்கிறது இன்னும் இரண்டு சில்லுத்தான்."

உண்மைதான். நாய் 3, பூனை 1.

குணம் அண்ணையிடம் கேட்டேன். பின் பெட்டியில் அச்சுக்கு நேர் மேலே நாலு மண் மூட்டை போடச் சொன்னார். பாரம் இருந்தால் சில்லு பிடிக்குமாம். வழுக்கினால் பின் ரயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கவேண்டுமாம். போட்டேன்.

27, செவ்வாய்

மூன்று நாள் விடாத மழை. இன்றே எழுதிவிடவேண்டும்.

காலை ஏழரைக்குச் செய்தி: பொஸ் படுக்கையில், முதுகு பிடித்துவிட்டது. ஒன்பதுக்கு மிஸிஸ் ஹார்ப்பரின் அழைப்பு. விடியக் கன்று ஈன்ற பசு விழுந்துவிட்டது, எழும்பவில்லை, காது சில்லிட்டுவிட்டது. கேட்டவுடன் தெரியும்: பால் காய்ச்சல். இரத்தத்தில் கல்சியம் இறங்கிவிடும். பிந்தினால் இதயம் நின்றுவிடும்.

ரெலிபோன் எடுக்கிற மார்கரெட் சொன்னது: "யார் வருவது என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். பிறகு, படலையில் நிறுத்திவிட்டு நடந்து வரட்டும் என்றார்."

படலையில் நிறுத்தினேன். பார்த்தேன். பாதை அன்றையதைவிட மோசம். கையில் பை, கல்சியப் போத்தல்கள், அரை மைல். நடந்தால் நிச்சயமாகப் போய்ச் சேரலாம், ஆனால் இருபது நிமிடம். எனக்குள் ஒரு தீர்மானம்: ஓட்டுவது. நின்றால் மண்வெட்டியைத் தொடுவதில்லை, அந்த நிமிடமே இறங்கி ஓடுவது.

இரண்டாம் கியர். மெதுவாக. நான் முன்பு தோண்டின கிடங்கு தண்ணீர் நிறைந்து கிடந்தது. வரம்பு கீழே எதிலோ உரசியது. நிற்கவில்லை. தாண்டியது! வாய்விட்டுக் கத்தினேன். மழைக்குள் யாருக்குக் கேட்கும்.

அதற்கு அங்கால் ஏற்றம். அங்கே வழுக்கியது. ஆனால் இம்முறை சில்லு அந்தரத்தில் இல்லை, மண்ணில் நின்றுதான் சுற்றியது. இறங்கினேன். நெருப்புக் குச்சியால் பின் ரயர் இரண்டிலும் வால்வை அமத்தி, இருபது இருபதாக எண்ணிக் காற்றை விட்டேன். திரும்ப ஏறி, மெல்ல. ரயர்ப் பல்லு மண்ணைக் கடித்தது. ஏறியது.

கொட்டில் வாசலில் மிஸிஸ் ஹார்ப்பர். "நடந்தா வந்தீர்?" எனக்குப் பின்னால் பார்த்தார். கண்ணாடி வரை சேறு பூசி யூட் நின்றது. கொட்டில் கதவை அகலத் திறந்துவிட்டார்.

பசு கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் படுத்திருந்தது. மூக்கு வறண்டிருந்தது. கண்ணைத் தொட்டால் இமைக்கவில்லை. பக்கத்தில் ஆண் கன்று, பசியோடு கத்திக்கொண்டு. போத்தலைச் சுடுதண்ணீர் வாளியில் வைத்து எடுத்து, கழுத்து நரம்பில் ஊசி. மிஸிஸ் ஹார்ப்பர் போத்தலை உயர்த்திப் பிடித்தார். நான் இதயத்தில் காதை வைத்து, "கொஞ்சம் இறக்குங்கள்… இப்போது உயர்த்துங்கள்." மருந்து கெதியாக உள்ளே போனாலும் இதயம் நின்றுவிடும்.

பாதிப் போத்தலில் தொடைச் சதை துடிக்கத் தொடங்கியது. பிறகு பெரிய ஏப்பம். பிறகு சாணி. இவ்வளவு அழகான சாணியை நான் கண்டதில்லை. போத்தல் முடிந்து பத்து நிமிடத்தில் பின்னங்காலை ஊன்றி, தள்ளாடி, எழும்பி நின்றது. கன்று மடியைத் தேடி முட்டியது.

மிஸிஸ் ஹார்ப்பர் வெறும் போத்தலை இன்னும் உயர்த்திப் பிடித்தபடி. நான்தான் வாங்கிக் கீழே வைத்தேன்.

தேத்தண்ணி தந்தார். அப்போதுதான் சொன்னார். "அன்றைக்கு நான் பேசாமல் இருந்தது உம்மோடு கோபத்தில் இல்லை. பாதைக்குக் கல்லுப் போடவேண்டும் என்று என் மனுசன் பத்து வருசம் சொன்னார். பிறகு பார்ப்போம், பிறகு பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். அந்தக் கன்று என் கணக்கு, உம்முடையது இல்லை."

பாதிப் பிழை என்னுடையது, நான் உடனே நடந்திருக்கவேண்டும் என்றேன். தலையை ஆட்டினார். இன்னொரு பிஸ்கற் தந்தார்.

28, புதன்

பொஸ் படுக்கையில் இருந்தே ரெலிபோன். மிஸிஸ் ஹார்ப்பர் அவரோடு பேசியிருக்கிறார். "மேட்டுப் பண்ணை எல்லாம் இனி உமக்கு. நாய் பூனை எனக்கு. இது என் முதுகின் முடிவு." சிரித்தார், பிறகு "ஆ" என்றார்.

கு. அண்ணைக்கும் சொன்னேன். முதல் கேள்வி: "பிரேக் எப்பிடி?"

31, சனி

வெளிச்சமான நாள், பனிக்காற்று. யூட்டைக் கழுவ வாளி எடுத்தேன். கழுவ விடவில்லை. ரெலிபோன். ஹார்ப்பர் பண்ணைக்கும் மேலே, லிஸ்டர்ஃபீல்ட் பக்கம், நான் போகாத இடம். கன்று ஈனுகிறதாம், காலொன்று மட்டும் வெளியே. "உயரமான யூட் வைத்திருக்கிற டொக்டர் வேண்டும்" என்று கேட்டார்களாம்.

போயிட்டு வாறன் என்று சொல்ல, ப. ஏப்ரனைக் கழற்றுகிறாள்.

"நானும் வாறன். நாலு வருசமாய் மணத்தை மட்டும் கொண்டு வாறீங்கள். ஒருக்கால் மாட்டையும் பாக்கவேணும்."

பாதை மோசமாம், நேரம் போகும், கையெல்லாம் இரத்தம் என்றேன். ஓம், தெரியும் என்றாள். இப்போது என் பழைய பூட்ஸுக்குள் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். எழுதினது போதுமாம்.