அத்தான் அனுப்பிய டிவிடி

12 நவம்பர் 1999, வெள்ளி

துபாயிலிருந்து அத்தான் மகளுக்கு அனுப்பிய கார்ட்டூன் டிவிடி, அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். டிவிடி நாட்டுக்கு நாடு வேறு; எந்த நாட்டு டிவிடி ஓட வேண்டுமென்று அந்தக் கம்ப்யூட்டரில் ஐந்து முறைதான் மாற்ற முடியும். போன வாரம் அமெரிக்கப் படம் ஒன்று பார்க்கும் ஆசையில் கடைசி முறையையும் தீர்த்துவிட்டேன். இனி அதில் அமெரிக்க டிவிடி மட்டும்தான் ஓடும். கம்ப்யூட்டர் எச்சரிக்கத்தான் செய்தது.

“டிவிடியே சரியில்லக்கா” என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அத்தான் போன் செய்தார். “காயல்பட்டினத்து ஆளு கடைன்னு நம்பி வாங்கினேன் மாப்ள. நாளைக்கே போய் சண்டை போடுதேன்.”

“விடுங்கத்தான்.”

பிள்ளை போனைப் பிடுங்கினாள். “மாமாவே பார்த்துச் சொல்லிட்டாங்கப்பா. நல்லாத் திட்டுங்க.”

துபாயில் கடை எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?