கொசுறு

ஜூன் 3, செவ்வாய்

மழை. கடையில் ஈ ஓட்டினேன். மதியம் வனவிலங்குக் குற்றப் பிரிவு அதிகாரி வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். செருப்புத் தோல் வாங்க வந்தவர் போல ஒரு துண்டைத் தடவிக்கொண்டே பேசினார். ஒரு கும்பல் புலித்தோலைக் கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறதாம். வாங்குகிறவனாக நடிக்க ஆள் வேண்டும்.

"எங்க ஆளுங்க பேரம் பேசினா ரெண்டாவது வார்த்தையிலேயே தெரிஞ்சிடுது சார். இவங்கள விட்டா அந்தக் காட்டுல புலியே மிஞ்சாது."

சரி என்றேன். புலி மேல் பாசம் என்று எழுதினால் பொய். என்னால் ஆகும் வேலை என்று ஒருவர் தேடி வந்து வெகு நாளாயிற்று.

ஜூன் 6, வெள்ளி

அதிகாரி என் நம்பரை எப்படியோ அந்தக் கும்பலுக்குப் போய்ச் சேரவைத்திருந்தார். அவர்களில் ஒருவன், அவனே கூப்பிட்டான். புலித்தோல் என்று சொல்லவே மாட்டான். கம்பளம். "பெரிய கம்பளம் ஒண்ணு இருக்குண்ணே." ஆசையைக் காட்டினால் விலை ஏறும், தலைச்சுமையாகத் தோல் விற்ற காலத்திலேயே கற்றது. பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

மறுபடி அவன். "சாப்டீங்களாண்ணே?" இல்லை. மனைவி போய்ச் சேர்ந்ததிலிருந்து அடுப்பு ஒரு வேளைதான் எரிகிறது. அதைப் போய் இவனிடம் சொல்லித் தொலைத்தேன். "ஒத்த ஆளுதானேன்னு சோம்பப்படாதீங்க. ஒரு முட்டையாவது உடைச்சு ஊத்துங்க."

உடைத்து ஊற்றினேன்.

ஜூன் 13, வெள்ளி

தினமும் கூப்பிடுகிறான். மூட்டு வலிக்கு ஏதோ தைலம் சொன்னான். போன ஞாயிறு மகளைக் கூப்பிட்டால், "அப்பா, மீட்டிங்ல இருக்கேன்." ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங்?

இவனைச் சிரிக்கவைக்க முன்கூட்டியே ஜோக் யோசித்து வைக்கிறேன் — வெட்கக்கேடு.

ஜூன் 15, ஞாயிறு

விலை படிந்தது. பழக்கதோஷம், போனை வைக்கும்போது "கொசுறு என்னப்பா தருவே?" என்று கேட்டுவிட்டேன். ஊசி வாங்கினாலும் கேட்கிற வாய் இது. அவன் சிரித்தான். "உங்களுக்கு இல்லாததாண்ணே? ஒரு வாரம் பொறுங்க."

அதிகாரியிடம் சொன்னேன். "பிரமாதம் சார், நிஜ வியாபாரின்னு நம்பிட்டான்" என்றார்.

ஜூன் 23, திங்கள்

முடிந்தது.

துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு கிடங்கு. குரலைவிட இளையவன். என் மூட்டுக்குத் தைலம் வாங்கி வந்திருந்தான். பெரிய தோலை விரித்துக் காட்டினான். பிறகு பையிலிருந்து சின்னதாக ஒன்று, முகம் துடைக்கும் துண்டு அளவு. "இந்தாங்கண்ணே, உங்க கொசுறு."

குட்டி.

தொட்டுப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அதுதான் அதிகாரியோடு பேசிவைத்த சைகை. உள்ளே பாய்ந்தார்கள். அவனைக் கீழே தள்ளி அமுக்கியபோது என்னைப் பார்த்து அவன் கத்தினான்: "அண்ணே, பின்வாசல் தொறந்திருக்கு, ஓடுங்க!"

தைலத்துக்கும் சீல் வைத்து எடுத்துப்போனார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

அதிகாரி வந்து கை குலுக்கினார். மொத்தக் கும்பலும் சிக்கிவிட்டதாம். கப்பலேற இருந்த ஒரு பெட்டியும். குட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"அது பழைய தோல் சார். நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே செத்தது. மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

நல்ல பெண். ஆனால் நான் தொட்டேனே. கெடாமலிருக்கத் தடவிய உப்பு இன்னும் ஈரமாக இருந்தது, தோல் விறைக்கவே இல்லை. ஒரு வாரம் பொறுங்க என்றானே — எதற்கு ஒரு வாரம்? டேய், எதுக்குடா கேட்ட? வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியலையா உனக்கு?

ஜூன் 29, ஞாயிறு

சாப்பாட்டு நேரத்துக்குப் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடித்தது. மகள். அதிசயமாக அவளாகவே கூப்பிட்டாள். வேலையா இருக்கேம்மா என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

நூல்காரர் வந்தார். ஒரு பெட்டி எடுத்தேன். நான் கேட்பதற்கு முன்பே, எப்போதும்போல இரண்டு கண்டுகளைத் தனியே எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"என்ன முதலாளி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மூட்டு வலி என்றேன்.