ஹால்வர் என்றே எழுதிவிடு

ஆலன், டெக்சாஸ்
செவ்வாய்க்கிழமை காலை

கண்ணு வெண்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே லிவர்மோரில் நீயும் மாப்பிள்ளை எரிக்கும், பிறந்து ஒன்பது நாளான நம்ம சின்னத்துரையும் சௌக்கியமாயிருக்க மருதமலையான் பார்த்துக்கொள்வான். வியாழக்கிழமை போனில் அப்படிக் கத்திய மனுஷன் இன்றைக்கு எதற்குப் பேனாவைத் தூக்கியிருக்கிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடும், காகிதத்தில் ஏறாது, அதனால்தான். தமிழ்ப்பள்ளிக்கு ஞாயிறு தவறாமல் அழுதுகொண்டே கார் ஏறியவள் நீ, இன்றைக்கு என் கோழிக்கிறுக்கலைப் படிக்கிறாய் என்றால் அந்த அழுகை வீண் போகவில்லை.

அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் தையலை நேற்றுப் பிரித்துவிட்டார்கள். பிள்ளை மூன்று வாரம் முந்திக்கொண்டு வருவான் என்று யார் கண்டது, மகள் பிரசவத்துக்குப் பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று தினம் ஒரு பாட்டம் புலம்புகிறாள். இருபதாம் தேதிக்கு மேல் ஃப்ளைட் ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இருபத்தொன்றுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். லேகியம் கிண்டியாகிவிட்டது, கிண்டியது நான், சோபாவில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணியது அவள். போன மாசத்து ஆலங்கட்டி மழைக்குக் கூரை போனதல்லவா, அதைப் பார்க்க இன்சூரன்ஸ் ஆள் இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று இழுத்தடிக்கிறான். அட்டிக்கில் ஒழுகுகிற இடத்தில் பெயின்ட் வாளி இரண்டை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம், நீ அதற்கெல்லாம் கவலைப்படாதே.

விஷயத்துக்கு வருகிறேன். பையனுக்கு ஹால்வர் என்று வைக்கலாமென்று இருக்கிறோம் அப்பா, எரிக்கோட அப்பா பேர், நார்வேக்காரர்களிலேயே இப்போது அபூர்வமாகத்தான் வைக்கிறார்கள், பாறையைக் காக்கிறவன் என்று அர்த்தம் என்று நீ ஆசை ஆசையாகச் சொன்னாய். நான் என்ன சொன்னேன்? இதென்ன பேர், நம்ம ஊர் கோபியில் யார் வாயில் நுழையும், என் அப்பா கதிர்வேல் பேரை விளங்க வைப்பாய் என்றல்லவா இருந்தேன் என்று கத்தினேன். நீ உடனே இறங்கி வந்தாய். உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் கதிர் என்றே வைத்துவிடுகிறோம், எரிக்கும் சரி என்கிறான், பர்த் சர்டிபிகேட் ஃபாரத்தில் பேர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றாய். ஜெயித்துவிட்டேன் என்றுதான் போனை வைத்தேன். ஜெயித்தவனுக்குச் சோறு இறங்கவேண்டுமே, இறங்கவில்லை. இன்னொரு கூத்தும் உனக்குத் தெரியாது. ஆறாம் மாசமே கோயமுத்தூரில் வெள்ளிக் கிண்ணம் வாங்கச் சொல்லி அதில் கதிர் என்று பேரும் வெட்டச் சொல்லிவிட்டேன். பிள்ளை பிறக்கும் முன்னே பாத்திரத்தில் பேர் வெட்டிய அவசரக்குடுக்கை இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமியார் மாரிட் அம்மா போன் பண்ணினார்கள். பூண்டுக் குழம்புக்குப் பூண்டை நசுக்கிப் போடவேண்டுமா முழுசாகவா என்று அம்மாவிடம் கேட்கத்தான் பண்ணினார்கள். மினசோட்டாவில் உப்பும் மிளகுமாகச் சமைத்த கை அங்கே உனக்குப் பத்தியச் சாப்பாடு வைக்கிறது, அதற்கே நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அப்புறம் என்னைக் கூப்பிடச் சொன்னார்கள். நான் கத்தியதைப் பற்றி நீ அவர்களிடம் மூச்சு விடவில்லை, அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். அவர்கள் சொன்னது இதுதான். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் முதல் பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பேரைத்தான் வைப்பார்கள், இப்போது யாரும் பார்ப்பதில்லை, எரிக்குக்கு ஆசை இருந்தாலும் உங்களிடம் கேட்கக் கூச்சம், வெண்பாதான் பழைய சர்ச் ரிஜிஸ்டரை எல்லாம் பார்த்து அந்த வழக்கத்தைக் கண்டுபிடித்து என்னிடம் வந்து, இந்தப் பேரை நான் வைக்கலாமா என்று கேட்டாள், என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷமாகிறது, அவர் பேர் இப்போது எனக்குத் தபால் உறையில்தான் வருகிறது, நீங்கள் எந்தப் பேர் சொன்னாலும் எனக்குச் சந்தோஷம்தான், அவள் கேட்டாளே அது போதும் என்றார்கள். நல்லதுங்க என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன்.

அம்மா சும்மா இருப்பாளா. ஏனுங்க, மாப்பிள்ளை பொள்ளாச்சிக்காரனா இருந்து, தலைச்சன் பையனுக்கு எங்கப்பா பேரை வைங்கன்னு நீங்க போய்க் கேட்டிருந்தா, சம்பந்தி வீட்டுல காப்பித் தண்ணியாவது குடுத்திருப்பாங்களா என்றாள். பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. நம்ம வழக்கமும் அதேதானே கண்ணு. தலைச்சனுக்கு அப்பனைப் பெற்ற தாத்தன் பேர், எனக்கு நஞ்சப்பன் என்ற பேர் அப்படித்தானே வந்தது. மாப்பிள்ளை வெள்ளைக்காரன் என்றதும் அந்த வீட்டுக்குப் பேரில் பாத்தியதையே கிடையாது என்று நானாகத் தீர்மானம் பண்ணிவிட்டேன். வழக்கம் வழக்கம் என்று வாய் கிழியப் பேசுகிற நான் அதை மறந்தேன், நான் ஒரு நாளும் உனக்குச் சொல்லித்தராத அதை நீ காப்பாற்றினாய். போன இடத்துப் பெரியவரை நினைத்துப் பார்க்க என் மகளுக்குத் தெரிகிறது என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. உன்னிடம் சொல்வதற்கு முன்னாலேயே நேற்று என்னோடு வாக்கிங் வருகிற மணியனிடம் சொல்லிவிட்டேன். என் பேரன் பேர் ஹால்வர் என்றேன். அவர் என்ன பேர் அது என்று முழித்தார், எங்க சம்பந்தி பேர், பாறையைக் காக்கிறவன்னு அர்த்தம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவர் பேரன்கள் மூன்று பேருக்கும் நெட்டில் தேடி வைத்த பேர், பாவம், அர்த்தம் கேட்டால் போனை எடுத்துத்தான் பார்க்கிறார்.

வியாழக்கிழமை பேசியதற்கு அப்பா மேல் வருத்தம் வைத்துக்கொள்ளாதே. எனக்குத்தான் வெட்கமாயிருக்கிறது. கிண்ணத்தைப் பற்றியும் கவலை வேண்டாம், அது இரண்டாவது பையன் வரும்வரை பீரோவில் இருக்கட்டும், அவசரம் ஒன்றுமில்லை என்று எழுதச் சொல்கிறாள் அம்மா, எனக்குக் கொஞ்சம் அவசரம்தான். கோயிலில் பேர் வைக்கும்போது காதில் மூன்று தடவை சொல்லவேண்டியது அத்தை. எரிக்கின் தங்கை இங்ரிட் வருகிறாள் அல்லவா, அவள்தான் சொல்லவேண்டும், அவளுக்குப் பட்டுச்சேலை நாங்கள் கொண்டுவருகிறோம், கட்டிவிடுவது உன் பொறுப்பு. பெரியவர் பேரைச் சொல்லிப் பிள்ளையைத் திட்டாதே, திட்டுவதற்கென்று ஏதாவது செல்லப்பேர் தனியாக வைத்துக்கொள். பச்சைத்தண்ணீரில் கை வைக்காதே, அவன் தூங்கும்போது நீயும் தூங்கு, லேப்டாப்பைத் திறக்காதே.

நீயும் மாப்பிள்ளையும் ஹால்வரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாயிருக்கவேண்டும் சாமி. இந்தக் கடிதத்தை எக்ஸ்பிரஸ் மெயிலில் போடுகிறேன், வியாழக்கிழமை கைக்கு வந்துவிடும். படித்த உடனே ஃபாரத்தில் ஹால்வர் என்று எழுதிவிடு, வெள்ளி வரைக்கும் காத்திருக்காதே. எழுதி முடித்ததும் எனக்குப் போன் பண்ண ஓடாதே. மாரிட் அம்மா பக்கத்து அறையில்தானே இருப்பார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் மடியில் கிடத்தி, முதல் தடவை அவர்களையே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்.

இப்படிக்கு
உன் அப்பா
நஞ்சப்பன்