ஒரு தட்டுத் தட்டியிருக்கலாமே, அண்ணை

என் அன்புப் பிடிவாதக்கார அண்ணைக்கு,

நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. அழுகை ஓய்ந்து இப்போது கோபம்தான் வருகிறது. அதை யாரிடம் காட்ட?

பலாலி முகாமுக்கு வேலைக்குப் போனவர், வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம் அவர்களுடைய மல்யுத்தத்தை ஏன் பழகினீர்கள்? பின்னால் நின்று, இரண்டு கக்கத்துக்குள்ளாலும் கைகளை விட்டு, பிடரியில் விரல்களைக் கோத்துத் தலையை முன்னுக்கு அமத்தும் அந்தப் பிடி! "உது கழுத்தை முறிக்கும், தங்கச்சி. அவங்களே போட்டியிலை உதைப் பிடிக்க விடமாட்டாங்கள்" என்று சொன்னதும் நீங்கள்தான். சொல்லிவிட்டு, அதையே உங்கள் சிநேகிதன் கந்தையாவுக்குப் பழக்கினீர்கள். என்ன புத்தி இது?

அன்று நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். கந்தையா உங்களை அப்படிப் பிடித்திருந்தான். அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினால் தோல்வியை ஒத்துக்கொண்டதாகும், அவ்வளவுதான்.

"தட்டு மச்சான், விடுறன்!" என்று மூன்று தரம் கத்தினான்.

"விடாதை! எப்பிடிக் கழருறன் எண்டு பார்!" என்று நீங்கள் முன்னுக்குக் குட்டிக்கரணம் போட்டீர்கள். இரண்டு பேரின் பாரமும் உங்கள் கழுத்தில் இறங்கியது. முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஊர் கந்தையாவைக் கொலைகாரன் என்றது. சுன்னாகம் சந்தையில் அவனுடைய வெங்காயத்தை ஒருவரும் தொடவில்லை. மகனைப் பறிகொடுத்த ஐயா வழக்குப் போடப் புறப்பட்டார். நான் ஊர் அதிகாரி விதானையாரிடம் போய்க் கண்டதைச் சொன்னேன். அதற்காக ஐயா மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. நீங்கள் போய்விட்டீர்கள், அவருடைய கோபத்தை வாங்கியது நான்!

நேற்று கந்தையா எங்கள் வீட்டு வாசல் படலையடியில் வந்து நின்றான். ஐயாவே எழுந்து போனார்.

"என்ரை பிள்ளை தட்டினவனோ?"

"இல்லை ஐயா. தட்டியிருந்தா விட்டிருப்பன்."

ஐயா கனநேரம் அவனுடைய கைகளையே பார்த்தார். "அவன் சின்னனிலையும் உப்பிடித்தான். காய்ச்சலிலை கிடந்தாலும், சுகம் எண்டுதான் சொல்லுவான். வா, வந்து சாப்பிடு."

அம்மா அவனுக்குச் சோறு போட்டார். அவன் பிசைந்தபடியே அழுதான்.

தோற்றால்தான் என்ன, அண்ணை? பின்னேரம் வீட்டுக்கு வந்திருப்பீர்களே.

கந்தையாவை எவர் பழித்தாலும் அந்த இடத்திலேயே மறுப்பேன். இது சத்தியம். ஆனால் உங்களை வீரன் என்று மட்டும் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். அதைக் கேட்டு இன்னொருத்தன் "விடாதை" என்பான். அவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பாள்.

கோபம் ஆறாத,
உங்கள் ஒரேயொரு தங்கச்சி